ஆட்குறைப்பும் மேலாளரும்: தமிழகத் தகவல் தொழில்நுட்பத் துறையில் ஒரு மனக்கசப்பின் வரலாறு

சென்னையின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பறிக்கப்பட்டவர்களின் கோபம், ஆட்குறைப்பை முடிவு செய்த தலைமையைச் சென்றடையும் முன், அச்செய்தியை அறைக்குள் அழைத்துச் சொன்ன மேலாளர்மீதே விழுந்தது. இதற்குத் தனிமனிதக் குணங்களைக் காட்டிலும் மதிப்பீட்டு முறையே பெரிய காரணம். ஊழியர்களை ஆண்டுதோறும் தரவரிசைப்படுத்தி, குறிப்பிட்ட விழுக்காட்டினரைக் கடைசித் தட்டில் கட்டாயமாக வைக்கும் ‘பெல் கர்வ்’ எனப்படும் மணிவளைவு மதிப்பீடு, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் காலத்தில் புகழ்பெற்று, பின்னர் இந்திய நிறுவனங்களிலும் வேரூன்றியது. குழுவில் அனைவரும் நன்றாக உழைத்திருந்தாலும் யாரேனும் ஒருவருக்குக் குறைந்த மதிப்பெண் இட்டாக வேண்டிய நிலையில் மேலாளர் நிறுத்தப்பட்டதால், எங்கோ எடுக்கப்பட்ட முடிவு அவருடைய கையெழுத்தோடு ஊழியரை வந்தடைந்தது. மைக்ரோசாஃப்ட் 2013-இல் இத்தகைய முறையைக் கைவிட்ட பிறகும் இங்கே அது நீடித்தது.

2014 நவம்பர் 1 அன்று திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, அங்கே தொழிற்சங்கம் இருந்தமையால் தொழிலாளர்களின் எதிர்ப்பு நிறுவனத்தையும் அரசையும் நோக்கித் திரும்பியது. அடுத்த சில வாரங்களில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் ஊழியர்கள் பலரை வெளியேற்றத் தொடங்கியபோது, ஒவ்வொருவரும் தனித்தனியே அழைக்கப்பட்டனர். பேசுவதற்குச் சங்கம் இல்லை. 25,000 பேர் நீக்கப்படுவர் என்று பரவிய செய்தியை நிறுவனம் மறுத்தது. வெளியேற்றப்பட்டோரில் பல ஆண்டு அனுபவமுள்ள இடைநிலையினர் கணிசமாக இருந்தனர் என்பது இங்கே கவனத்திற்குரியது: நேற்றுவரை பிறருக்கு மதிப்பெண் இட்டவர்களே இன்று மதிப்பெண்ணால் வீழ்த்தப்பட்டனர்.

இவ்விடத்தில்தான் மனக்கசப்பு சட்டக் கேள்வியாக உருமாறியது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், ஓராண்டுத் தொடர்பணி முடித்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய முன்னறிவிப்பும், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடும் வேண்டும் என்றது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரைத் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தியது. பதவிப் பெயரில் ‘மேனேஜர்’ என்றிருந்தும் உண்மையில் நிரல் எழுதுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்ற வினா அதனால் முதன்மை பெற்றது. 2015 ஜனவரியில் கருவுற்றிருந்த ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்திற்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, நீதிமன்றப் படியேறத் தயங்கிய பலருக்குத் துணிவு தந்த நிகழ்வாகும். அதே காலத்தில் ஊழியர் அமைப்புகள் உருவாயின. 2016-இல் தமிழக அரசு, இத்துறையினரும் தொழிற்சங்கம் அமைக்கலாம் எனத் தெளிவுபடுத்தியது. 2017-இல் காக்னிசன்ட் ஊழியர்கள், கடைசித் தட்டு மதிப்பீட்டைக் காட்டித் தங்களை விலகச் சொல்வதாகத் தொழிலாளர் துறையிடம் முறையிட்டபோது, குற்றச்சாட்டு தனி மேலாளரைக் கடந்து மதிப்பீட்டு முறையையே சுட்டியது. இதுவே அந்த மூன்றாண்டுகளின் மெய்யான பேறு.

எனினும் மேலாளரின் நிலை மாறவில்லை. 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, பெரும்பாலும் இடைநிலை, மேல்நிலையினரை, நீக்கப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் நிர்வாகப் பொறுப்பினரைத் தொழிலாளி வரையறைக்கு வெளியிலேயே வைத்திருக்கிறது.