கூரை ஒன்று, அறை பல

லிந்துலைத் தோட்டங்களில் லயத்தில் தீப்பற்றினால் அது ஓர் அறையோடு நிற்பது அரிது. வரிசை முழுமைக்கும் கூரை ஒன்றே.

1861ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் லண்டன் தூலி வீதிப் பண்டகசாலைகளில் மூண்ட பெருந்தீயும் இவ்வாறே பரவிற்று. சணல், பருத்தி, கொழுப்பு, சர்க்கரை யாவும் அங்கே குவிந்திருந்தன. தீயைத் தடுக்கவென்றே அமைத்த இரும்புக் கதவுகளோ திறந்து கிடந்தன! தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் சுவரிடிந்து மாண்டார். நெருப்பு முற்றாக அணைய இரு வாரமாயிற்று. 1865இல் தீயணைப்புப் படைக்கெனச் சட்டம் பிறந்தது.

கோப்பிக் காலத்து முறையில் கட்டிய லயத்துக்கு அத்தகைய கதவேது? அன்று அங்கே எரிந்தவை கம்பளியும் விறகும். இன்று ஸ்பொஞ்சு மெத்தை எரிகிறது. அதிலிருந்து காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் எழுகின்றன. கூரைக்கடியில் ஓடும் அப்புகை, தீ எட்டாத அறையில் உறங்குவோரையும் கொல்லும்.