மாதுங்காவில் நாம் தேடிய ஜாகை

பம்பாய்க்கு வந்த நம்மவர்க்கு உத்தியோகம் கிடைத்த பின்னரும் தீராத கவலை ஜாகையே. 1896ஆம் ஆண்டின் பிளேக் நோய் நெருக்கமான சந்துகளில் பரவியதன் விளைவாக, 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு தோன்றியது. தாதர், மாதுங்கா வட்டாரங்களில் அகன்ற வீதிகளும் காற்றோட்டமுள்ள கட்டடங்களும் அதன் திட்டத்தால் எழுந்தன. 1915இல் மாதுங்காவில் ரயில்வே தொழிற்சாலை அமைந்தது. ரயிலடி அருகிருந்தமையால் நம்மவர் இங்கே குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் பிறந்தது.

எனினும் வீடு எளிதில் கிட்டவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் நிலையில் நிறுத்தியது. குடியிருந்தோர்க்கு அது காப்பு. புதிதாய் வந்தோர்க்கோ தாழிட்ட கதவு. மலிந்த வாடகை வீட்டை எவர் காலி செய்வார்? ஆகவே, சட்டம் விலக்கிய ‘பகடி’ப் பணம் மறைவில் கைமாறிற்று. அதற்காக இல்லத்தரசியரின் வளையல்கள் அடகுக் கடை ஏறியதுமுண்டு. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைச் சட்டமே அப்பணத்தை ஒப்புக்கொண்டது.

இத்தனைக்கும் பின் சாவி கைக்கு வந்து, வெற்றறையில் கோலமிட்டுப் பால் பொங்கக் கண்டபோது நாம் எய்திய மகிழ்ச்சிக்கு ஈடேது? இனி வரும் தமிழ்க் குடும்பத்துக்கும் ஓர் அறை தேடித் தருவது நம் கடமையாகும்.