ஒரே பந்தி



சந்திப்பு மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன். திருமழிசை சிட்கோ எஸ்டேட்டில் வேலை, வீடும் அங்கேதான். சரித்திரத்தைத் தேடி ரொம்ப தூரம் போகாமல் பக்கத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் பூந்தமல்லி. அங்கே இருக்கிறது திரு இருதயக் குருமடம். 1936ல் சென்னைப் பேராயர் லூயிஸ் மத்தியாஸ் தொடங்கியது. கத்தோலிக்கப் பாதிரியாராகப் போகிறவர்கள் படிக்கிற இடம். நாம் நாலு வருஷம் ஹாஸ்டலில் இருந்தோம். அவர்களுக்கோ பல வருஷம் ஹாஸ்டல்தான். ஜெபம், வகுப்பு, விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கூட்டாகவே. இறைவனைப் பற்றிப் படிக்கிற ஒரு மாணவன் அந்தப் படிப்பை முதலில் எங்கே வாழ்ந்து காட்ட வேண்டியிருக்கிறது? பிரசங்க மேடை ஏறுவதற்கு ரொம்ப நாளாகும். சாப்பாட்டுக் கூடம் முதல் நாளே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு இறையியல் கல்லூரிகளின் சரித்திரத்தில் பாதி, இந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் சரித்திரம் என்றே சொல்லலாம்.

1606ல் மதுரைக்கு வந்தார் ராபர்ட் தெ நொபிலி. தத்துவ போதகர் என்று நாம் அறிந்தவர். தமிழும் சமஸ்கிருதமும் கற்றார், காவி உடுத்தார், சைவச் சாப்பாட்டுக்கு மாறினார். ஏற்கெனவே மதுரையில் இருந்த பாதிரியார் பெர்னாண்டஸிடமிருந்து விலகித் தனி வீடு, பிராமணச் சமையல்காரர் என்று வைத்துக்கொண்டார். உயர்சாதியினர் தன்னிடம் வரவேண்டும் என்பதே நோக்கம். அதற்குப் பலனும் கிடைத்தது. ஆனால் பிற்பாடு அதே சபையில் உயர்சாதிக்கு பிராமண சந்நியாசிகள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று இரண்டு வகைக் குருமார் உண்டானார்கள். ஒரே விசுவாசம், அடுப்பு மட்டும் இரண்டு. நொபிலி 1656ல் நம் மயிலாப்பூரில் காலமானார்.

அடுத்தது தரங்கம்பாடி. சீகன்பால்க் 1716ல் அங்கே உபதேசிமாரைப் பயிற்றுவிக்க ஒரு செமினரி தொடங்கினார். அந்தச் சபையில் 1733ல் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் முதல் புராட்டஸ்டண்டு குரு அவர்தான், வேளாளர். 1741ல் அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. ராஜநாயக்கன் என்ற உபதேசியார் அப்போது இருந்தார். தஞ்சாவூர் ராஜாவின் படையில் சிப்பாயாக இருந்தவர், அலைந்து திரிந்து சபை வளர்த்தவர். ஆனாலும் பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் பறையர் சமூகத்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் தயங்குவார்கள் என்பது மிஷனரிகளின் கணக்கு. 1771ல் இறக்கும்வரை அவர் உபதேசியாராகவே இருந்தார். ஒரு துண்டு அப்பத்தை யார் கொடுப்பது, யார் வாங்குவது என்பதிலேயே ஒரு மனிதரின் வாழ்க்கை நின்றுபோனது பாருங்கள்.

1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். மதுரையில் அமெரிக்க மிஷன் இன்னும் ஒரு படி மேலே போனது. அவர்களுடைய செமினரி 1845 முதல் பசுமலையில் நடந்துவந்தது. 1847ல், சாதி பார்க்கிறவர்களுக்கு மிஷனில் இடமில்லை என்று முடிவெடுத்தார்கள். அதற்கு வைத்த பரீட்சை ரொம்ப எளிது: எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். வேதத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய உபதேசிமார் பலர் இந்த ஒரு பேப்பரில் தேறவில்லை. வேலையே போனாலும் பரவாயில்லை என்று எழுந்து போனார்கள்.

1850ல் சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடும் இதே வழியை ஆதரித்தது. லீப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்து மனசை மாற்ற முடியுமா என்பது அவர்கள் தரப்பு. ஒதுக்கப்பட்டவர்கள் இன்னும் எத்தனை தலைமுறை காத்திருப்பது என்பது எதிர்த்தரப்பு. என் அபிப்பிராயத்தில் இரண்டாவது கேள்விதான் கனமானது. ஆனாலும் முதல் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

இதைக் கிறிஸ்தவர்களின் தனிக் கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிச் சாப்பாடு என்பதில் கிளம்பிய சண்டை, 1925ல் தமிழக அரசியலையே புரட்டிப் போட்டதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கதை உண்டு. பிரம்பு அறுக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர் திருமழிசை ஆழ்வார். பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் ஓதுவதை நிறுத்தினார்களாம். அவர் நகர்ந்த பிறகு தொடங்கப் பார்த்தால் விட்ட இடம் மறந்துபோயிற்று. ஆழ்வார் ஒரு கறுப்பு நெல்லை நகத்தால் கீறிக் குறிப்புக் காட்டினார் என்று வைணவப் பெரியவர்கள் சொல்வார்கள். பக்கத்தில் ஒரு மனுஷனைச் சேர்க்காதபோது படித்த வேதமே மறந்துபோகிறது. எந்த மதத்துக்கும் பொருந்துகிற கதை இது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1921ல் திருப்பத்தூரில் சவரிராயன் யேசுதாசன், எர்னஸ்ட் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் வெள்ளைக்காரர். கதர் உடுத்தி, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். இவர்கள் யாருக்கும் பரீட்சை வைக்கவில்லை, தினமும் வாழ்ந்தார்கள். அவ்வளவுதான்.

அந்த எண்ணம் செமினரி மாணவனின் அன்றாட வாழ்க்கைக்கு வந்தது மதுரை அரசரடியில் என்று நினைக்கிறேன். 1969ல் அங்கே தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவானது. சாமுவேல் அமிர்தம் போன்ற முதல்வர்கள் காலத்தில், காம்பவுண்டுக்குள்ளேயே உட்கார்ந்து இறையியல் படித்தால் போதாது என்று முடிவு செய்தார்கள். மாணவர்கள் படிப்புக் காலத்தில் ஒரு பகுதியைக் குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் குடியிருந்து கழிக்க வேண்டும். தண்ணீருக்கு வரிசையில் நிற்பது, மழை பெய்தால் ஒழுகுவது எல்லாம் பாடத்திட்டம்தான். ஆதரவற்ற முதியோருக்கான இன்ப இல்லமும் அந்தக் கல்லூரியின் பணிதான்.

அங்கே ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). எல்லாருக்கும் பரட்டை அண்ணன். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் தந்தவர். சாமி கும்பிடுவது சனங்களின் பேச்சுமொழியில், சனங்களின் தாளத்தில் இருக்க வேண்டும் என்றவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை “ஒரு ஒல”. ஒரே உலையில் அரிசி போட்டு எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிடுவது. நற்கருணைக்கு அதுதான் அர்த்தம் என்பது அவர் வாதம். யாருடைய வீட்டு அரிசி என்று பிரித்துச் சொல்ல முடியாத சோற்றில் சாதியை எங்கே ஒளித்துவைப்பது?

இன்ஜினியர் பாஷையில் சொன்னால், 1847ல் பசுமலையில் நடந்தது லோடு டெஸ்ட். ஒரு நாள், ஒரு பெரிய பாரம். தாங்குகிறதா இல்லையா என்று பார்த்தார்கள். அரசரடியில் நடந்தது ஃபெட்டீக் டெஸ்ட். சின்னச் சின்னப் பாரம், ஆயிரக்கணக்கான தடவை. லோடு டெஸ்டில் பாஸான இரும்பு ஃபெட்டீக்கில் உடைவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஒரு நாள் விருந்தில் எல்லாரோடும் உட்கார்ந்துவிடலாம். தினமும் மூன்று வேளை, வருஷக்கணக்கில் உட்காருவதும், ஊருக்குத் திரும்பிய பிறகும் அதே பழக்கத்தோடு இருப்பதும்தான் கஷ்டம். கிறிஸ்தவக் கல்லறைகளில்கூடச் சாதிச் சுவர் இருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. செமினரியில் படித்தது ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

நமக்கு இதில் என்ன? நம் ஹாஸ்டல் மெஸ்ஸை யாரும் இறையியல் வகுப்பு என்று சொன்னதில்லை. சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று சண்டை போட்டதுதான் மிச்சம். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காமல் தட்டிலிருந்து அப்பளம் எடுத்தோமே, அது ஒரு பெரிய படிப்பு. இப்போது மெஸ்ஸில் சாப்பிடுகிற தம்பி தங்கைகளே, அந்தப் படிப்புக்கு அரியர் வைக்காதீர்கள். கல்யாணமாகிக் குடும்பஸ்தர்களாகிவிட்ட அண்ணன்மார்களே, அக்காமார்களே, நம் வீட்டு விசேஷங்களில் அந்தப் பந்தி இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறதா என்று இந்தச் சந்திப்பின்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.