மண்ணைப் படித்தவருக்கு முத்திரை உண்டா?

2022 ஜூலை 4. கெடா, பாலிங் மாவட்டத்தின் குப்பாங் வட்டாரத்தில் குனோங் ஈனாஸ் மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளுமாக வெள்ளம் இறங்கியது. மூன்று உயிர்கள் பறிபோயின. மலைமேல் காடழித்துத் திறக்கப்பட்ட டுரியான் தோட்டத்தின் மீது கேள்வி எழுந்தது. சரிவான நிலத்தைத் திறக்கலாமா, கூடாதா என்று சொல்லும் தகுதி யாருக்கு உண்டு?

இது பழைய கேள்வி. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் பக்கங்களில் ரப்பர் நட்ட ஆரம்ப காலத்தில், தோட்டத்தில் புல் பூண்டு நிற்கக் கூடாது என்பதே துரைமார்களின் கொள்கை. தமிழ்த் தொழிலாளர்கள் நாளெல்லாம் களை சுரண்டினார்கள். மழை வந்தது, மேல்மண் ஆற்றோடு போனது. வேர் வெளியே தெரிந்த மரத்தை முதலில் பார்த்தவர் பால்மரம் வெட்டியவர்தான். அவரிடம் யார் கேட்டார்கள்?

மூடுபயிர்க் கொடி படரவிடுவதும், மண்ணைத் தேக்கக் குழி வெட்டுவதும், சரிவைப் படிப்படியாகச் செதுக்குவதும் பிறகுதான் வழக்கமாயின. 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதற்கு அறிவியல் சொன்னது. மண்வெட்டி பிடித்தவர்கள் மட்டும் மாறவில்லை. 1919இல் தோன்றிய தோட்ட நிர்வாகிகள் கழகம் துரைமார்களுக்குத் தமிழ்த் தேர்வு நடத்தியது ஒரு வேடிக்கை. வேலை வாங்கத் தமிழ் வேண்டியிருந்தது!

மலைநிலத்தைக் காக்க 1960இல் நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொழில் உரிமம் வேறு பாதையில் நடந்தது. நில அளவையாளருக்கு 1958இல் சட்டம். கட்டடக் கலைஞருக்கும் பொறியாளருக்கும் 1967இல். நகரத் திட்டமிடுபவருக்கு 1995இல்.

உரிமம் வெறும் காகிதமா? 1993 டிசம்பர் 11இல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவும் தடுப்புச் சுவர்களும் இடிந்ததே காரணம். 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தெரியவந்தது என்ன? வரைபடம் போட்டவர் தகுதி பெற்ற கட்டடக் கலைஞரே அல்லர். பதிவு பெற்ற வரைவாளர் மட்டுமே. அவ்வளவு உயரக் கட்டடம் வரைய அவருக்கு அனுமதி கிடையாது.

நிலவெழில் கலைஞர்களுக்கு 1981இல் ஒரு கழகம் பிறந்தது, 1996இல் தேசிய நிலவெழில் துறையும் வந்தது. கலிபோர்னியாவிலோ 1953லேயே அவர்களுக்கு அரசு உரிமம். அமெரிக்காவின் வட கரோலினா 1995இல் மண்ணியலாளருக்கே உரிமச் சட்டம் இயற்றியது. மலேசியாவில் 2008இல் புவியியலாளர் சட்டம் நிறைவேறியது. பாறைக்கு வாரியம் கிடைத்தது. அதன் மேல் கிடக்கும் மண்ணுக்குத் தனி வாரியம் அமையவில்லை.

ஒரு கதவு மட்டும் திறந்தது. 2012இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் சட்டப்படி, சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டைத் தகுதி பெற்றவரே செய்ய வேண்டும். மண் அரிப்பு படித்தவர் அந்த வழியாக உள்ளே வரலாம். ஆனால் சிறு தோட்டங்கள் பலவற்றுக்கு அந்த மதிப்பீடே தேவைப்படுவதில்லை.

கெடாவில் பால்மரம் நின்ற குன்றுகள் பல இன்று செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. மழைக்கு முன் அந்தச் சரிவுகளைப் பார்த்துக் கையெழுத்திடுபவர் யார் என்று, அங்கே வீடு வாங்குபவர் தாராளமாகக் கேட்கலாம்.