மத்தி மீனைக் கொன்றது யார்? – ஒரு காற்றின் கதை

ஆடி வெள்ளி என்றால் படவேடு நிரம்பி வழியும். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகராக இருந்த அந்த ஊரில், ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தோடு காற்றும் சேர்ந்து வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. மேற்கிலிருந்து மலைத்தொடரைத் தாண்டி வரும் தென்மேற்குப் பருவக்காற்று அது.

படவேட்டிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே நிற்பவருக்கு அந்தக் காற்று புழுதியும் கொஞ்சம் மழையும்தான். ஆனால் அதே காற்று, அதே ஆடி மாதத்தில், கன்னியாகுமரி தொடங்கி மங்களூர் வரைக்கும் அரபிக்கடலில் வேறொரு வேலை செய்துகொண்டிருக்கிறது. கடலை உழுதுகொண்டிருக்கிறது! அந்த உழவு சரியாக நடந்தால் லட்சக்கணக்கான டன் மீன். தப்பினால் கரையில் பட்டினி.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் பழி மீனவர்கள் தலையில் விழுந்துவிட்டது. அந்த வரலாறுதான் இங்கே.

கடலுக்கும் உழவு உண்டா?

மீன் எதைத் தின்கிறது? சின்ன மீனை. சின்ன மீன்? கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளை. பிளாங்க்டன் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அதில் தாவர வகை, விலங்கு வகை என்று இரண்டு உண்டு. தாவர மிதவைகள்தான் கடலின் புல், கடலின் நெல், எல்லாம்.

பயிருக்கு வேண்டியது இரண்டு. வெயில், உரம். கடலில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. வெயில் மேலே இருக்கிறது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் போன்ற உரங்களோ கீழே இருக்கின்றன. செத்த உயிர்களும் கழிவுகளும் மெல்ல மூழ்கி, ஆழத்தில் மக்கி, அங்கேயே தங்கிவிடுகின்றன. மேலே இருக்கும் சூடான, லேசான நீர் ஒரு மூடி மாதிரி. கீழே குளிர்ந்த, கனமான, சத்துள்ள நீர். மூடி திறக்காத வரை மேல்நீர் வெறும் பாலைவனம்தான்.

மூடியைத் திறப்பது காற்று. அதுவும் நேரடியாகத் திறப்பதில்லை. இங்கேதான் ஒரு விசித்திரம்.

1893 முதல் 1895 வரை நார்வேயின் நான்சென் 'ஃப்ராம்' கப்பலில் ஆர்க்டிக் பனிக்கடலில் மிதந்தார். பனிக்கட்டிகள் காற்று போகும் திசையில் போகாமல், அதற்கு வலப்பக்கமாக விலகிப் போவதைக் கவனித்தார். ஏன்? சுவீடனைச் சேர்ந்த எக்மன் என்ற இளைஞர் கணக்குப் போட்டு விடை சொன்னார். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1905-ல் வந்தது. பூமி சுழல்வதால், வடகோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அது காற்றின் திசைக்கு நேர் வலப்பக்கமாக, செங்கோணத்தில் நகர்கிறது.

இப்போது கேரளக் கரையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையோரத்தில் சற்றே திரும்பி, வடக்கிலிருந்து தெற்கு நோக்கிய சாய்வோடு வீசும். தெற்கே பார்த்து நின்றால் வலக்கை மேற்கே இருக்கும். அதாவது நடுக்கடல் பக்கம். கரையோர மேல்நீர் நடுக்கடலுக்குத் தள்ளப்படுகிறது. காலியான இடத்தை நிரப்ப என்ன வரும்? கரை பக்கமிருந்து நீர் வர முடியாது. கீழேயிருந்துதான் வர வேண்டும். குளிர்ந்த, சத்துள்ள ஆழத்து நீர் மேலே ஏறுகிறது. இதற்குப் பெயர் கடல்நீர் மேலெழுச்சி.

உலகத்தில் இதற்குப் பேர்போன இடங்கள் பெரு, கலிபோர்னியா, தென்மேற்கு ஆப்பிரிக்கா, வடமேற்கு ஆப்பிரிக்கா கரைகள். இப்படிப்பட்ட பகுதிகள் எல்லாம் சேர்ந்தாலும் கடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம்தான். ஆனால் உலகக் கடல்மீன் பிடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. நம் ஊருக்கு அருகே இந்த வேலை நடக்கும் இடம் கன்னியாகுமரி–கொல்லம் கடல். மே, ஜூன் வாக்கில் அங்கே தொடங்கி மெல்ல வடக்கே நகர்ந்து, காற்று ஓயும்போது தானும் ஓயும்.

சென்னை ராஜதானியின் மத்தி

இந்த மேலெழுச்சியின் செல்லப்பிள்ளை மத்தி. குமரியில் சாளை என்பார்கள். சென்னைப் பக்கம் இந்த வகை மீன்களுக்குக் கவலை என்றே பெயர்! ஏழைகளின் மீன் அது. விலை மலிவு, எண்ணெய்ச் சத்து அதிகம். இரண்டு, இரண்டரை ஆண்டுதான் ஆயுள். ஒரு வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு பருவம் நன்றாக இருந்தால் கூட்டம் பெருகும். ஒரு பருவம் கெட்டால் அடுத்த ஆண்டே வலை காலி.

1956 வரை மலபார், சென்னை மாநிலத்தின் பகுதி. ஆகவே மத்தியின் பிரச்சினை சென்னைக் கோட்டையின் பிரச்சினை. ராணுவ மருத்துவரான பிரான்சிஸ் டே 1865-லேயே மலபார் மீன்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1907-ல் சென்னை மாகாணத்துக்கென மீன்வளத் துறை உருவானது. அதைத் தொடங்கி நடத்தியவர் பிரெடரிக் நிக்கல்சன். மலபாரில் தானூரில் சோதனை நிலையம் வைத்து, மத்தியிலிருந்து எண்ணெய் எடுக்கவும் மிச்சத்தை உரமாக்கவும் வழி செய்தார். கரையோரம் முழுக்கச் சின்னச் சின்ன எண்ணெய்க் கூடங்கள் முளைத்தன. எண்ணெய் தோல் பதனிடப் போனது, உரம் தோட்டங்களுக்குப் போனது. கடல் தன் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்த சத்து, மீன் வழியாக மலைத் தோட்டங்களுக்கு ஏறியது என்று கூடச் சொல்லலாம்.

நிக்கல்சனுக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல், ராமசாமி நாயுடுவோடு சேர்ந்து ஒரு முக்கியமான வேலை செய்தார். மத்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்கள். 1920-களில் வந்த அந்த அறிக்கையில் மலபார் கரையின் மிதவை உயிரிகளைப் பற்றிய குறிப்புகளும் இருந்தன. மத்தியையும் அதன் சோற்றுத் தட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. ஆனால் அந்தச் சோறு ஏன் ஓர் ஆண்டு நிறைகிறது, இன்னோர் ஆண்டு குறைகிறது? அந்தக் கேள்விக்கு அப்போது விடை இல்லை.

1943: தீர்ப்பு

1940-களில் மத்தி காணாமல் போனது. வந்துகொண்டிருந்த மீன் வரவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம், உணவுக்கே தட்டுப்பாடு.

யார் காரணம்? சென்னை மீன்வளத் துறையின் தேவநேசன் ஆராய்ந்து 1943-ல் அறிக்கை தந்தார். சினை மீனையும் குஞ்சு மீனையும் வரைமுறையில்லாமல் பிடித்ததே காரணம் என்பது அவர் முடிவு. அரசு அதே ஆண்டு சில வகை வலைகளுக்கும் குஞ்சு பிடிப்பதற்கும் கட்டுப்பாடு விதித்தது.

அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அன்று கையில் இருந்த ஆதாரம் வலையில் விழுந்த மீன் மட்டும்தான். கடலுக்கு அடியில் வெப்பநிலை என்ன, ஆக்சிஜன் எவ்வளவு என்று ஆண்டு முழுக்க அளந்த கணக்கு யாரிடமும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த மனிதன் குற்றவாளி ஆனான். கண்ணுக்குத் தெரியாத காற்றை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

கட்டுப்பாடு போட்டும் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. சில ஆண்டுகளில் அதை விலக்கிக்கொண்டார்கள். பிறகு 1950-களின் பிற்பகுதியில் லட்சம் டன்னைத் தாண்டிய ஆண்டுகளும் வந்தன. அப்படியானால் இடையில் நடந்தது என்ன?

சாட்சிகள் வருகிறார்கள்

1947-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சென்னையில் ஆரம்பித்து, 1949-ல் ராமேசுவரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் முகாமுக்குப் போனது. 1971-ல்தான் தலைமையிடம் கொச்சிக்கு மாறியது. அந்த மண்டபம் காலத்தில்தான் சாட்சிகள் ஒவ்வொன்றாக வந்தன.

1955-ல் வேலப்பன் நாயரும் சுப்ரமணியனும் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். 'ஃப்ராஜிலேரியா ஓசியானிகா' என்ற டயாட்டம் வகை மிதவைத் தாவரம் கடலில் பெருகினால் மத்தி வருகிறது. அது மத்திக்குக் கட்டியம் கூறும் அடையாளம் என்றார்கள். 1959-ல் சுப்ரமணியன், கோழிக்கோட்டுக் கரையில் பல ஆண்டுகள் நீர் எடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். மிதவைத் தாவரங்களின் உச்சம் வெயில் கொளுத்தும் கோடையில் அல்ல, தென்மேற்குப் பருவத்தில்!

அதே 1959-ல் ஜெர்மானியரான கார்ல் பான்சே கொச்சியில் இருந்தபடி இன்னொரு பக்கத்தைக் காட்டினார். மேலெழும் நீர் வரம் மட்டுமல்ல. ஆழத்து நீரில் சத்து அதிகம், ஆக்சிஜன் குறைவு. அது கண்டத்திட்டின் மேல் பரவும்போது அடித்தரை மீன்கள் மூச்சுத் திணறி இடம்பெயர்கின்றன. இழுவலைக்கு மீன் கிடைப்பதில்லை. மேலே விருந்து, கீழே பஞ்சம். ஒரே காற்று, ஒரே நீர்!

பிறகு 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வில் 40-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கலந்துகொண்டன. அதன் தொடர்ச்சியாக 1966-ல் தேசிய கடலியல் நிறுவனம் உருவானது. அதன் முதல் இயக்குநர் பணிக்கர், முன்பு மண்டபத்தில் இயக்குநராக இருந்தவர்தான்.

1990-களில் கதையில் இன்னொரு திருப்பம். மேற்குக் கரையில் வீசும் காற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மேலெழுச்சி முழுதாக விளங்கவில்லை. வங்காள விரிகுடாவில் காற்று எழுப்பும் நீண்ட, மெதுவான அலைகள் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி, கன்னியாகுமரியைத் தாண்டி மேற்குக் கரையில் வடக்கே ஏறுகின்றன என்று கணித மாதிரிகள் காட்டின. அந்த அலைகள் மலபாரின் ஆழத்து நீரை ஏற்றவும் இறக்கவும் செய்யும். படவேட்டின் கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்ந்து, பாலாறாகிக் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தைக் கடந்து போகும் அலைக்கும் மலபார் மத்தியின் சாப்பாட்டில் பங்கு உண்டு.

அப்படியானால் வலைக்குக் குற்றமே இல்லையா?

அவசரப்பட வேண்டாம். பெருவைப் பாருங்கள். அங்கே 1970-ல் நெத்தலி வகை மீன் ஒரு கோடி டன்னுக்கு மேல் பிடிபட்டது. 1972-ல் எல் நினோ வந்தது. மேலெழுந்த நீரில் சத்து இல்லை. கடல் தளர்ந்த நேரத்திலும் வலை தளரவில்லை. மீன்வளமே சரிந்து விழுந்தது. கடல் மட்டுமோ, வலை மட்டுமோ செய்த வேலை அல்ல அது. இரண்டும் ஒரே நேரத்தில் அடித்த அடி.

நம் கரையிலும் அதுதான் பாடம். கேரளத்தில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சரிந்தது. 2015-ல் பெரிய எல் நினோ. அதே ஆண்டு கேரள அரசு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை போட்டது. 2021-ல் வந்த மத்தி சுமார் 3,300 டன் மட்டுமே! அடுத்த ஆண்டே மீண்டும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. இவ்வளவு வேகமான ஏற்ற இறக்கத்தை வலையை மட்டும் வைத்து விளக்க முடியாது. ஆனால் கடல் கெட்ட ஆண்டில் குஞ்சையும் வாரிவிட்டால், கடல் திருந்தும்போது முட்டையிட யார் இருப்பார்கள்? தேவநேசனின் பயம் முழுப் பொய் அல்ல. பாதி உண்மை. அந்தப் பாதியை முழுசாக எடுத்துக்கொண்டதுதான் 1943-ன் தவறு.

இன்று மூன்றாவது ஒருவரும் வந்திருக்கிறார். கடல் சூடேறுகிறது. மேல்நீர் சூடாகச் சூடாக மூடி இறுகும். காற்று திறக்கப் பார்த்தாலும் திறக்காது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் மிதவைத் தாவரங்கள் 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்று 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொன்னது. மேற்குக் கரையோரத்தில் ஆக்சிஜன் இல்லாத நீர் தீவிரமாகி வருவதை 2000-ல் கோவா விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினார்கள். 1980-களுக்குப் பிறகு மத்தி தமிழ்நாட்டுக் கரையிலும் பெருமளவில் பிடிபடத் தொடங்கியது.

ஒரு வித்தியாசம் உண்டு. 1943-ல் கடலை அளக்கக் கருவி இல்லை. இன்று செயற்கைக்கோள் கடலின் நிறத்தைப் பார்த்தே மிதவைத் தாவரத்தின் அளவைச் சொல்கிறது. 1999-ல் இந்தியா ஏவிய ஓஷன்சாட் அதற்காகவே போனது. மீன் குறைந்தால் இது காற்றா, வலையா, வெப்பமா என்று கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் போடும் தடையும் தவறு, கேட்காமல் வீசும் வலையும் தவறு.

அடுத்த ஆடி வெள்ளிக்குப் படவேட்டில் காற்று புழுதியைக் கிளப்பும்போது, அங்கே யாரும் மத்தியை நினைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் காற்று மலையேறி வருவதற்கு முன்னால் கடலில் ஏரோட்டிவிட்டுத்தான் வருகிறது. அந்த ஆண்டு உழவு எப்படி என்பது, சில மாதம் கழித்து மீன்காரம்மாவின் கூடையில் தெரியும்.