கதவு வைத்த சைலன்சர்

1970 ஜனவரி 11. நியூ ஆர்லியன்ஸில் நான்காவது சூப்பர் பௌல். அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் நாள். நடுவே போன்டியாக் நிறுவனத்தின் விளம்பரம் வருகிறது. ஓர் இளைஞன் ஜிடிஓ காரில் டிரைவ்-இன் உணவகத்துக்குள் மெதுவாக நுழைகிறான். டாஷ்போர்டுக்குக் கீழே ‘எக்ஸாஸ்ட்’ என்று எழுதிய ஒரு குமிழ். அதைப் பிடித்து இழுக்கிறான். அதுவரை அடக்கமாக ஓடிய இஞ்சின் உறும ஆரம்பிக்கிறது.

விளம்பரத்துக்குப் பெயர் ‘தி ஹம்ப்ளர்’. கார்ப் பிரியர்கள் துள்ளினார்கள். தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் மேலிடம் துள்ளவில்லை. விளம்பரமும் நின்றது, அந்த வசதியும் நின்றது. அதற்குள் 233 கார்கள் மட்டும் அந்தக் குமிழோடு வெளியே போயிருந்தன. இன்றைக்கு அவற்றை வைத்திருப்பவர்கள் லேசில் விற்க மாட்டார்கள்.

அந்தக் குமிழ் செய்த வேலை எளிது. இஞ்சினின் வாக்வம் உறிஞ்சலைக் கொண்டு சைலன்சருக்குள் இருந்த தடுப்பு வழியைத் திறந்துவிட்டது. புகை சுற்றி வளைத்துப் போகாமல் நேராக வெளியேறியது, எதிரழுத்தம் குறைந்தது, சத்தம் பெருகியது. இன்று ஸ்போர்ட்ஸ் கார்களின் பின்புறத்தில் சிக்கிக்கொண்டும் கடகடத்தும் உயிரை வாங்குகிற எக்ஸாஸ்ட் வால்வுக்கு இதுவே நேர் மூதாதை.

ஆனால் ஆசை அதற்கும் பழையது. கார் பிறந்த ஆரம்ப காலத்தில் ‘கட்-அவுட்’ என்று ஒன்று உண்டு. சைலன்சருக்கு முன்னாலேயே குழாயில் ஒரு மூடி, அதற்குக் காலடியில் ஒரு பெடல். அன்றைய சைலன்சர்கள் இஞ்சினின் சக்தியைத் தின்றன. மேடு ஏறும்போது பெடலை மிதித்தால் கொஞ்சம் சக்தி திரும்பக் கிடைக்கும். எந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று காதால் கண்டுபிடிக்கவும் உதவும். இது நியாயமான பயன். தெருவில் போகும் குதிரைகளை மிரட்டவும் உதவியது என்பது இன்னொரு பயன். நகரங்கள் ஒவ்வொன்றாகத் தடை போட்டன.

சிக்கிக்கொள்ளும் நோயும் ஜிடிஓவுக்கு முந்தியது. கார்புரேட்டர் காலத்து அமெரிக்க இஞ்சின்களில் ‘ஹீட் ரைசர்’ என்ற சின்னத் தகடு இருக்கும். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் சூடான புகையைக் கார்புரேட்டருக்கு அடியில் திருப்பிவிடும். இஞ்சின் சூடானதும் சுருள் ஸ்பிரிங் தளர்ந்து வழிவிடும். இது துருப்பிடித்து நின்றுவிடும். ஸ்பிரிங் சோர்ந்தால் கடகடவென்று ஆடும். அதற்கென்றே ஒரு கரைப்பானை கிரைஸ்லர் போன்ற கம்பெனிகள் டப்பாவில் அடைத்து விற்றன. புகைக்குழாய்க்குள் சுழலும் தகடு வைத்தால் என்ன ஆகும் என்பது போன்டியாக் பொறியாளர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல.

இனி வால்வ் நிஜமாகப் பிறந்த இடத்துக்கு வருவோம். அது டெட்ராய்ட் அல்ல, பிரஸல்ஸ். ஹம்ப்ளர் ஒளிபரப்பாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை; பிப்ரவரி 6 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் வாகனச் சத்தத்துக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. பயணிகள் காருக்கு உச்சவரம்பு 82 டெசிபல். பின்னர் 80, அடுத்து 77, 1992 ஆணையில் 74. எண்ணில் 8தான் குறைந்தது. ஒலி ஆற்றலில் கணக்குப் போட்டால் ஆறில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிட்டது.

அன்றைய சோதனை நடந்த விதத்தைக் கவனியுங்கள். பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் மைக். கார் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். மைக்குக்கு 10 மீட்டர் முன்னால் உள்ள கோட்டைத் தொட்டதும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். மைக்கைத் தாண்டி 10 மீட்டர் போனதும் காலை எடுத்துவிடலாம். மொத்தம் 20 மீட்டர் நாடகம். பெரிய இஞ்சின் வைத்த ஸ்போர்ட்ஸ் கார் அந்தத் தூரத்துக்குள் தன் முழுச் சுழற்சியை எட்டவே எட்டாது.

அப்படியானால் சோதனையில் எட்டும் சுழற்சி வரை மூடியிருந்து, அதற்கு மேல் திறந்துகொள்ளும் வால்வ் ஒன்று இருந்தால் போதுமே? பரீட்சைக் கூடத்துக்குள் நல்ல பிள்ளை, வெளியே வந்தால் வேறு பிள்ளை. 1990களின் தொடக்கத்தில் மிட்சுபிஷி தன் 3000ஜிடி விஆர்-4 காரில் ‘டூர்’, ‘ஸ்போர்ட்’ என்று எழுதிய சுவிட்சோடு இதை விற்றது. ஜப்பானில் அந்தக் காரின் பெயரும் ஜிடிஓ. வேண்டுமென்றே வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்டன் மார்ட்டின் வி8 வான்டேஜ், 2006இன் கார்வெட் இசட்06 எல்லாம் பிறகு வந்தன.

பின்னால் வந்தவற்றில் பலவற்றுக்கு ஒரே அமைப்பு: மூடி வைப்பது வாக்வம், திறப்பது ஸ்பிரிங். இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. வாக்வம் கிடைக்காமல் போனால் வால்வ் திறந்தே நிற்கும். இஞ்சின் மூச்சு முட்டாது. வான்டேஜ்காரர்கள் 22ஆம் எண் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எப்போதும் உறுமிக்கொண்டு திரிவது இதனால்தான்.

பழுது பார்க்க வருகிறவர் இந்தப் பிறப்பை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. கார் திடீரென்று எப்போதும் சத்தம் போடுகிறதா? வால்வை விடுங்கள், முதலில் வாக்வத்தைத் தேடுங்கள். வெடித்த ரப்பர் குழாய், செத்துப்போன சோலனாய்டு, கிழிந்த டயஃப்ரம் (வால்வின் நெம்புகோலை இழுக்கும் சவ்வு), பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். கைப்பம்பை டயஃப்ரம் குழாயில் மாட்டி உறிஞ்சிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நெம்புகோல் நகர்ந்து அப்படியே நின்றால் வால்வ் சரி, கோளாறு அதற்கு முன்னால், குழாயிலோ சோலனாய்டிலோ. நகர்ந்துவிட்டு மெல்லத் திரும்பினால் டயஃப்ரம் ஓட்டை. வாக்வம் நிற்கிறது, நெம்புகோல் மட்டும் அசையவில்லை என்றால் தண்டு இறுகிவிட்டது.

ஏன் இறுகாது? சூடான புகை, ஆறிய பிறகு குழாய்க்குள் தேங்கும் அமில நீர், சாலைச் சேறு என மூன்றும் சேர்ந்து தாக்கும் இடம் அது. மாதக்கணக்கில் மூடிபோட்டு வைத்த கார்களில் இன்னும் மோசம். இங்கே சாதாரண கிரீஸ் தடவுவதைப் போல் கெடுதல் வேறில்லை. எரிந்து பிசினாகி இன்னும் இறுக்கும். கார் முழுக்க ஆறிய பிறகு ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊற விட்டு, நெம்புகோலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி விடுவிக்க வேண்டும். பிறகு கிராஃபைட்டோ, நிக்கல் கலந்த சூடு தாங்கும் பூச்சோ மட்டும்.

கடகடப்புக்கு வேறு காரணம். சூட்டில் விரியும் என்பதற்காகவே தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் இடைவெளி விட்டிருப்பார்கள். குளிரில் அது லூஸ்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் ஆடி, சூடானதும் நின்றுவிட்டால் கை வைக்க வேண்டாம். சூடான பிறகும் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது; எண்ணெய் விட்டுப் பயனில்லை, அந்தப் பகுதியை மாற்றியாக வேண்டும். பாதி வாக்வத்தில் தகடு நடுவழியில் நின்று படபடப்பதும் உண்டு. முன்னால் சொன்ன கைப்பம்பு அதையும் காட்டிக்கொடுக்கும்.

20 மீட்டர் தந்திரமும் என்றென்றைக்கும் செல்லவில்லை. ஐ.நா.வின் 51ஆம் விதியின் மூன்றாவது திருத்தத் தொடர் பல வேகங்களிலும் சுழற்சிகளிலும் சத்தத்தை அளக்கச் சொல்கிறது. வால்வும் மாறிவிட்டது. பலவற்றில் வாக்வம் போய் மின்மோட்டார் வந்திருக்கிறது. எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை கார்க் கணினி அறியும். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து ‘ட்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டு ஓடி வருகிறவர்கள் உண்டு. மோட்டார் தகட்டை இரண்டு முனைக்கும் ஓட்டித் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் சத்தம் அது. அதற்கு வைத்தியம் தேவையில்லை.