பறக்கும் ஈக்களும் விழித்திரையும்

நம் புதுவையில் வழங்கிவந்த பிரெஞ்சு மொழியிலே 'மூஷ் வொலாந்த்' என்றொரு தொடர் உண்டு. பறக்கும் ஈக்கள் என்பது பொருள். 'கண்முன் பூச்சி பறக்கிறது' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூறுவதும் இதனையே.

கண்ணின் உட்புறத்தில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பி நிற்பது விட்ரியஸ் என்னும் தெளிந்த பாகு. அதன் பின்னே, கிண்ணத்தின் உட்சுவர்போல் வளைந்து படிந்திருப்பது விழித்திரை. ஐம்பது வயதைக் கடந்தபின் பாகு நெகிழ்ந்து சுருங்கித் திரையைவிட்டு விலகும். பெரும்பாலோர்க்குத் திரையின் வடிவம் சிறிதும் மாறாது. பூச்சிகள் சில பறப்பதோடு சரி. ஆனால், பாகு எங்கேனும் இறுகப் பற்றியிருந்தால் திரையையும் உடன் இழுக்கும். நடுக்குழியில் இழுத்தால் குழி மேடாகி, நேர்கோடுகள் கோணலாய்த் தோன்றும். ஓரத்தில் இழுத்தால் திரை கிழியும். கிழிசல் வழியே நீர் புகுந்து, மழையில் நனைந்த சுவரொட்டிபோல் திரை கழன்றுவிடும்.

தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசாண்ட சரபோஜி மன்னர், கண் நோயாளிகளின் நிலையைச் சித்திரங்களோடு எழுதிவைத்தார். அச்சித்திரங்கள் காட்டுவது வெளிக்கண்ணையே. அது மன்னர் குறையன்று. உயிருள்ள கண்ணின் உள்ளே நோக்கும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்தது 1851-இல்தான்.

கண்டதனால் நோய் தீர்ந்துவிடவில்லை. கண்களைக் கட்டி, வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதே அன்றைய மருத்துவம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் ஷூல் கொனேன், கிழிசலே மூலகாரணம், அதனை அடைத்தால் திரை மீண்டும் படியும் என்றார். பலர் நம்பவில்லை. 1920-களில் சூட்டுக்கோலால் கிழிசலைச் சுட்டு அடைத்து, பலருக்குப் பார்வையை மீட்டார்.

கிழிசல்கள் பெரும்பாலும் திரையின் ஓரத்தில் மறைந்திருப்பவை. அவற்றைக் காண, தலையில் அணிந்து இரு கண்ணாலும் நோக்கும் கருவியை ஆக்கியவர் பெல்ஜியம் நாட்டுச் சார்லஸ் ஸ்கெபன்ஸ். இவர் வரலாறு ஒரு நவீனத்தையும் வெல்லும்! இரண்டாம் உலகப்போரின்போது, பிரான்சின் எல்லைக் கிராமமொன்றில் மர ஆலை நடத்துபவராக வேறு பெயரில் வாழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோரை மலைவழியே ஸ்பெயினுக்குத் தப்புவித்தவர். பின்னர் பாஸ்டனில் இவரிடம் பயின்ற தமிழர் எஸ்.எஸ். பத்ரிநாத், 1978-இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார்.

நமக்கோ இன்று சென்னை செல்லவும் வேண்டுவதில்லை. தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003-இலேயே வந்துவிட்டது. கிழிசல் மட்டும் உள்ளபோதே சென்றால், லேசர் ஒளியால் அதைச் சுற்றிச் சூடிட்டுத் திரையை ஒட்டிவிடுவர். கழன்றபின் சென்றால் அறுவை சிகிச்சைதான். திடீரெனப் பூச்சிகள் பெருகுதல், மின்னல் தெறித்தல், ஓரத்தில் திரை விழுந்தாற்போல் இருளுதல் ஆகியவையே அறிகுறிகள். வலி இராது, விழித்திரைக்கு நோவு உணரும் நரம்பு கிடையாது. ஆதலால் தாத்தாவோ பாட்டியோ 'ஒன்றுமில்லை, நாளை பார்க்கலாம்' என்பர். அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.